கிரவுன் ஆயில் திருட்டு

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் பார்க்கிற பொம்பளை யார் என்று அந்த நாளில் மரக்காணத்தில் கேட்டிருந்தால், பால் குடிக்கிற பிள்ளைகூட எங்கள் வீட்டைக் கை காட்டியிருக்கும். பெருமைக்காகச் செய்த வேலை இல்லை. எங்கள் வீட்டில் குனியக்கூடிய முதுகு என்னுடையது ஒன்றுதான்.

என் கணவர் பாண்டிச்சேரியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறுவார், சாயங்காலம் அதே வெள்ளைச் சட்டையோடு இறங்குவார். இஸ்திரி மடிப்புகூடக் கலைந்திருக்காது. அங்கே அவ்வளவு வேலை. அப்படிப்பட்ட உழைப்பாளிக்கு 2004-ல் ஒரு ஞானோதயம் வந்தது. குத்தகைக்கு உப்பளம் வைத்திருக்கிறோம், உப்பு ஏற்ற ஊரான் லாரிக்குத் தவம் கிடக்கிறோம், நாமே ஒரு லாரி வாங்கினால் என்ன? ஞானோதயம் அவருடையது, நகை என்னுடையது. பழைய ஆறு சக்கர லாரி ஒன்று வந்து சேர்ந்தது. எத்தனையாவது கை மாறுகிறது என்று நான் கேட்டபோது புரோக்கர் வானத்தைப் பார்த்தான். எண்ணிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

டிரைவர் பொம்மையார்பாளையத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஏதோ ஒரு சபையில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவர். பீடி கிடையாது, குடி கிடையாது, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. வண்டியை எங்கள் உப்பளத்துக் களத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். இவ்வளவு ஒழுங்காக ஒரு மனிதன் இருந்தால் ஊருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

அந்த வருடத்து மழையில் களத்துக்குப் போகிற மண்பாதை முழுகிக் கிடந்தது. கழுவெளி ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து பின் அச்சு நனைகிற அளவுக்கு நின்றது. லாரி அதில் இறங்கி ஏறி, ஒரு வாரத்தில் பின்னாலிருந்து முனக ஆரம்பித்தது. திண்டிவனம் சாலையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். அவன் அடியில் புகுந்து திருகாணியைக் கழற்றியதும் ஓட்டல் டீ மாதிரி ஏதோ ஒழுகியது.

"கிரவுன்ல தண்ணி பூந்துருக்குது" என்றான்.

இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் பானை வயிறாகப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டைத்தான் லாரிக்காரர்கள் கிரவுன் என்பார்கள். உள்ளே பல்சக்கரங்கள் நைன்டி ஆயிலில் முங்கியபடி சுற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் பல் தேயும், தண்ணீர் புகுந்தாலும் பல் தேயும். பல் போனால் லாரி போன மாதிரிதான். இதையெல்லாம் விளக்கிவிட்டு மெக்கானிக் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"வண்டி வாங்கத் தெரியுதுல்ல? வாரத்துக்கு ஒருவாட்டி கீழ குனிஞ்சு பாக்கத் தெரியாதா?"

என் கணவர் தன் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதோடு அந்தப் பதவி எனக்கு வந்தது. டிரைவர் பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "மொதலாளி பாத்தாதான் ஒரு பயம் இருக்கும்" என்றார். மொதலாளி என்று அவர் என்னைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

சனிக்கிழமை காலை என் நாள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓடி வந்த வண்டியாக இருந்தால் எண்ணெய் அடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். கோணியை விரித்துப் படுத்து, கிரவுனின் பின்பக்கம் இருக்கிற திருகாணியை ஸ்பேனர் போட்டுக் கழற்றி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு மடக்க வேண்டும். விளிம்பிலேயே எண்ணெய் நுனிவிரலில் பட்டால் சரியாக இருக்கிறது. படவில்லை என்றால் டியூப் வைத்து, விளிம்பு தாண்டி வழிகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்க்கு ஒரு வாசம் உண்டு பாருங்கள், அழுகின முட்டையை வெயிலில் வைத்த வாசம். சனிக்கிழமை எங்கள் வீட்டில் என் கையால் சாப்பாடு போட்டால் ஒருத்தரும் இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். மேலே பலகை இடுக்கிலிருந்து ஈர உப்பின் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கண்ணில் விழும். அதற்குத் தனியாகக் கூலி கிடையாது.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நாலைந்து மாதம் எண்ணெய் ஒரு நூல்கூட இறங்கவில்லை. விரலை விட்டதும் நுனியில் தொட்டது. என் நகையெல்லாம் அந்தப் பானைக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

இந்த நிம்மதி எனக்கு ஆகவில்லை. சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊத ஆரம்பித்தேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன அடுத்த வருடம் அது. கரையில் எங்கே பார்த்தாலும் புதிதாக வந்த ஃபைபர் படகுகள். படகு வந்தால் ஓட்டையும் வருமே, ஓட்டை அடைக்கிறவர்களும் வந்தார்கள். டப்பாவில் பிசின் மாதிரி ஒன்றை எடுத்து, வேறொரு தண்ணீரைச் சொட்டுவிட்டுக் குழைத்துப் பூசினால் அரைமணியில் கல்லாக இறுகும். கடல் தண்ணீரே நுழையாது என்றார்கள். எனக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை லாரிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்க்கையில், பின் அச்சின் மேல்பக்கம் ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி அளவுதான். அதன் ஓரத்தில் பொடி ஓட்டை. சரியாக அதன் மேலேதான் பலகை இடுக்கிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடேயப்பா, கிரவுனுக்குள் தண்ணீர் போன வழி இதுதான்! மெக்கானிக்குக்குத் தெரியவில்லை, டிரைவருக்குத் தெரியவில்லை, லாரி செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாமல் ஓட்டையோடு விட்டிருக்கிறான், நான் கண்டுபிடித்துவிட்டேன். நேராகக் கரைக்குப் போய், படகு ஒட்டுகிறவரிடம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பிசின் வாங்கிவந்து, அந்தக் குமிழைச் சுற்றியும் மேலும் மெழுகிவிட்டேன். பிள்ளையார் மாதிரி உருண்டையாக இறுகிக்கொண்டது.

டிரைவர் அன்றைக்கு இல்லை. சபைக் கூட்டம் என்று மூன்று நாள் லீவில் போயிருந்தார். திரும்பி வந்தபோதும் நான் சொல்லவில்லை. டிரைவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டா மூளையை உபயோகிப்பார்கள்? கணவரிடம் மட்டும் சொன்னேன். "எம் பொண்டாட்டி மூள யாருக்கு வரும்" என்று சிரித்தார். அந்த மூளைக்குக் கிடைத்த பாராட்டு அதோடு சரி.

இரண்டு வாரம் கழித்து விரலை விட்டேன். எண்ணெய் படவில்லை. இன்னும் மடக்கினேன். முதல் கணு போய், இரண்டாம் கணுவில்தான் தொட்டது. சரி, பழைய வண்டி, குடித்திருக்கும் என்று ஊற்றினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி இரண்டாம் கணு. ஊற்றினேன். அதற்கடுத்த சனிக்கிழமை விரல் முழுக்க உள்ளே போயும் காற்றைத்தான் தொட்டது.

தரையில் எண்ணெய் சொட்டின அடையாளம் இல்லை. அடியில் ஒழுகல் இருந்ததா என்றால், உப்பு லாரிக்கு அடியில் எது எண்ணெய், எது உப்புத் தண்ணீர், எது சேறு என்று பிரம்மாவே இறங்கிவந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒழுகவில்லை, ஆனால் குறைகிறது என்றால் என்ன அர்த்தம்? என் கணவர் காபியை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"எடுத்து விக்கிறான்."

"யாரு?"

"பகல்ல சாவி யார் கையில இருக்குது?"

அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற எண்ணெயை, லாரிக்கு அடியில் படுத்து உறிஞ்சி எடுத்து, எந்த மடையன் யாரிடம் கொண்டுபோய் விற்பான் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற மூளையைத்தான் படகுப் பிசினோடு சேர்த்து மெழுகியாயிற்றே. களத்து எதிரே இருந்த டீக்கடையில் போய்ப் புலம்பினேன். சாதாரணமாகவா புலம்பினேன்? என் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். "தவிட்டுக்கு வந்த கை தங்கத்துக்கும் வரும்பா, இன்னிக்கு ஆயில், நாளைக்கு டயரு!" என்றேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மீதிக் கதையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் இறைக்கிற இன்ஜின்காரனுக்கு விற்கிறார் என்றான் ஒருத்தன். டிராக்டர்காரனுக்கு என்றான் இன்னொருத்தன். பேசாத ஆளையெல்லாம் நம்பவே கூடாது என்றார் டீ மாஸ்டர், அவர் நாள் முழுக்கப் பேசுகிறவர்.

இந்த நடுவில் டிரைவர் ஒருநாள் தன் பத்து வார்த்தையில் எட்டை எனக்காகச் செலவழித்தார்.

"பின் வீல்ல ஏதோ கசியுதும்மா. பிரேக்கும் இப்ப சரியாப் புடிக்கல."

"ஆயில் கொறையுதுன்னா பிரேக்கப் பத்தி ஏன் பேசுறீங்க?" என்றேன் நான். எவ்வளவு சாமர்த்தியமான கேள்வி பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் திருட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. சூடம் ஏற்றி, சந்தேகப்பட்ட ஆளை அந்த நெருப்பைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது என்று பயம். அடுத்த சனிக்கிழமை காலை, டீக்கடை முன்னாலேயே, வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றிக்கொண்டு என் கணவர் நின்றார். அன்றைக்கு அவருக்கு லீவு. சட்டை வெள்ளைதான். நாலைந்து பேர் டீ கிளாஸோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"ஏம்பா, 'நான் எடுக்கல'ன்னு சொல்லிச் சூடத்த அணை. முடிஞ்சுபோச்சு" என்றார்.

டிரைவர் சூடத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "எடுக்கலீங்க. அத்த சொல்லிட்டேன். சத்தியம் பண்ண மாட்டேங்க. எங்க சபையில சத்தியமே பண்ணக் கூடாதும்பாங்க."

"சரி, உங்க சாமி மேலயே பண்ணு."

"எந்தச் சாமி மேலயும் பண்ண மாட்டேங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"மடியில கனம் இல்லன்னா வழியில இன்னாத்துக்குப் பயம்?"

இதைக் கேட்டது யார் தெரியுமா? நான்தான். சுற்றி நின்றவர்கள் "அக்கா கேட்டாங்க பாரு" என்றார்கள். எனக்குக்கூட ஒரு பெருமிதமாக இருந்தது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, டீக்கடை பெஞ்சு மேல் ஓசைப்படாமல் வைத்தார். நடந்து போய் மெயின் ரோட்டில் பாண்டி பஸ்ஸுக்கு நின்றார். சூடத்தைக் கடைசியில் கடல் காற்று அணைத்தது. காற்றை யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்து வந்த டிரைவர் பெருமுக்கல் ஆள். நெற்றி நிறைய விபூதி. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, யாரும் கேட்காமலே, "சந்தேகமா இருந்தா இப்பவே சூடம் அணைக்கிறேங்க" என்றார். டீ லேட்டாக வந்தாலும் சூடம் அணைப்பார், டீசல் கூட ஆனாலும் சூடம் அணைப்பார். என் கணவருக்குப் பரம திருப்தி. இரண்டு சனிக்கிழமை போயிற்று. விரலை விட்டேன். இரண்டாம் கணு.

"இவரும் எடுக்கிறாரா?" என்றேன்.

"சே சே, சூடம் அணைச்ச ஆளு. பழைய டிரைவரு நமக்குத் தெரியாம வந்து எடுத்துனு போறான்."

பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, லாரிக்கு அடியில் படுத்து, எண்ணெயை உறிஞ்சி, மறுபடி பஸ் பிடித்துப் போகிறாராம்! பஸ் கண்டக்டர் அந்த நாற்றத்துக்கே இறக்கிவிட்டிருப்பார். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக, இது திருட்டுதானா என்று தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஊர் முழுக்கக் கூவின வாய் அல்லவா, மாற்றிச் சொல்வதற்கு வெட்கப்பட்டது.

அடுத்த வாரமே அது வெடித்தது. பகல் பதினொரு மணி. அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்புக்குப் பக்கத்தில் பெண்கள் கூடையில் உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். லாரி களத்துக்குள் திரும்பி வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. பெருமுக்கல் டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே "ஐயோ ஐயோ" என்று கத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கூடையோடு போன ஒருத்தி, என் வயசுக்காரி, சத்தம் கேட்டுப் பின்னால் துள்ளினாள். லாரி அவள் கால் வைத்திருந்த இடத்தின் மேலேறிப் போய், உப்பு அம்பாரத்துக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒரு எட்டு. ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் அவள் போயிருப்பாள். அவளிடம் ஓடியவள் உப்பில் சறுக்கினேன். அவள் வந்து என்னைத் தாங்கிப் பிடித்தாள், அவள் என்னை!

அன்றைக்குச் சாயங்காலம் மெக்கானிக் வந்து பின் சக்கரங்களைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தான். உள்ளே பிரேக் லைனிங் முழுக்க எண்ணெயில் ஊறி மினுமினுத்தது. அழுகின முட்டை வாசம் குப்பென்று அடித்தது. காணாமல் போன எண்ணெயெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. டிராக்டர்காரனிடமும் இல்லை, பொம்மையார்பாளையத்திலும் இல்லை. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது என்றான். அது ஏன் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிழியணும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, டார்ச்சை எடுத்து அச்சு மேல் அடித்தான். பிசின் உருண்டையை விரலால் தட்டினான்.

"எந்தப் புண்ணியவான் இத்த அடைச்சது?"

"நான் இல்லீங்க, வேணும்னா சூடம்..." என்று ஆரம்பித்தார் பெருமுக்கல் டிரைவர்.

"இது பிரீதருங்க" என்றான் மெக்கானிக். "வண்டி ஓட ஓட கிரவுன் சூடாவுது. உள்ள காத்து விரியுது. அது வெளிய போறதுக்குத்தான் இந்த ஓட்ட. இத்த அடைச்சா காத்து எங்க போவும்? சீலை ஒதைச்சுனு, ஆயிலையும் தள்ளிக்கினு டிரம்முக்குத்தான் போவும். வண்டிக்கு மூக்க அடைச்சு வெச்சிருக்கான் பாரு ஒருத்தன்!"

"தண்ணி போவுதுன்னுதான்..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தண்ணி போவும்தான். அதுக்கு ஒரு டியூபு மாட்டி மேல தூக்கிக் கட்டணும். அடைப்பாங்களா?" என்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "யாரும்மா அடைச்சது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் முகத்தில் எனக்காக ஒரு பொய் தயாராகிக்கொண்டிருந்தது, பழைய டிரைவர்தான் அடைத்திருப்பான் என்று வெளியே வரப்போகிற பொய். அதைக் கேட்டால் செத்துவிடுவேன் என்று தோன்றியது.

"நான்தான்" என்றேன்.

அந்தப் பிசினை உளி வைத்துத்தான் உடைக்க வேண்டியிருந்தது. படகுக்காரர் சொன்னது பொய்யில்லை, கல்லாகத்தான் இறுகியிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு பாண்டி பஸ் தூரம்.

மறுநாள் அந்தப் பஸ்ஸில் நான் ஏறினேன். கணவர் வரவில்லை. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலையாம். பொம்மையார்பாளையத்தில் விசாரித்துக்கொண்டு போனால், டிரைவர் ஒரு செங்கல் களத்தில் கல் சுமந்துகொண்டிருந்தார். ஐம்பது வயசில். மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரைக்கும் ஒரு லாரிக்காரரும் அவருக்குச் சாவி கொடுக்கவில்லையாம், ஆயில் திருடுகிற ஆள் என்று. நான் கூவின கூவல் அவ்வளவு தூரம் போயிருந்தது. லைசென்ஸ் மட்டும் பாலிதீன் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் இருந்தது.

பிசின் உருண்டையை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அவிழ்த்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன். அவர் உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா அடைச்சிருக்கீங்கம்மா" என்றார்.

கிண்டலா என்று பார்த்தேன். இல்லை, வேலையைப் பற்றித்தான் சொன்னார். அது இன்னும் சுட்டது.

"மன்னிச்சுடுங்க. வந்து சாவிய வாங்கிக்குங்க."

"என்னாண்ட சொல்லி இன்னாம்மா பண்றது? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்களாண்ட சொல்லுங்க" என்றார். என்னிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அன்றைக்கே திரும்பி வந்து டீக்கடையில் நின்று சொன்னேன். நான்தான் அடைத்தேன், எண்ணெய் டிரம்முக்குப் போயிருக்கிறது, டிரைவர் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. திட்டும்போது எந்தக் குரலில் திட்டினேனோ அதே குரலில் சொன்னேன். உருண்டையை மேசை மேல் வைத்தேன். எல்லாரும் கேட்டார்கள். பிறகு டீ மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"யக்காவுக்குப் பெரிய மனசுப்பா. அந்தாளு கஷ்டப்படுறான்னு பழிய தானே ஏத்துக்கினாங்க பாரு."

"ஐயோ, நெசமாத்தான் சொல்றேன்!"

"சரி சரி, நீங்க சொன்னா சரிதான்க்கா." பின்னால் நின்றவனைப் பார்த்து அவர் கண்ணடித்தது எனக்குத் தெரிந்தது. திருட்டுப் பழியை நான் சொன்னபோது ஒரே மூச்சில் நம்பிய ஊர் இது. அன்றைக்கு ஒரு ஆதாரமும் யாரும் கேட்கவில்லை. இப்போது கல் மாதிரி ஆதாரம் மேசை மேல் கிடக்கிறது, ஒருத்தனும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பழைய டிரைவர் வேலைக்குத் திரும்பி வந்தார். எனக்காக வரவில்லை, வண்டிக்காக வந்தார் என்று நினைக்கிறேன். பெருமுக்கல்காரர் வேறு லாரிக்குச் சூடம் அணைக்கப் போய்விட்டார். மெக்கானிக் புது சீல் போட்டு, பிரீதருக்கு டியூப் மாட்டிப் பலகைக்கு அடியில் உயரத் தூக்கிக் கட்டினான். நான் ஒரு முடிவு பண்ணினேன். வாயால் சொன்னால்தானே நம்ப மாட்டீர்கள், கண்ணால் பாருங்கள். இனிமேல் சனிக்கிழமை எண்ணெய் பார்ப்பது களத்தில் இல்லை, டீக்கடை வாசலில். அடைப்பு இல்லை, அதனால் குறையவில்லை என்று ஊரே பார்க்கட்டும். இதைவிட நல்ல திட்டம் ஒருத்தருக்கும் தோன்றியிருக்காது. படகுப் பிசினைக் கண்டுபிடித்த அதே மூளை அல்லவா!

வாராவாரம் லாரி டீக்கடை முன்னால் வந்து நின்றது. வாராவாரம் கோணியை விரித்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். விரலை விட்டு, எண்ணெய் பட்ட நுனியை லாரிக்கு வெளியே நீட்டிக் காட்டுவேன். "பாத்துக்குங்க, கொறையல!" என்று கத்துவேன். ஆறு வாரம், ஏழு வாரம். ஒரு நூல் குறையவில்லை. டிரைவர் பக்கத்தில் நின்று திருகாணியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வார். கடைக்குள் போக மாட்டார்.

எட்டாவது சனிக்கிழமை என்று ஞாபகம். வழக்கம்போல விரலை நீட்டினேன். வழக்கம்போல நிரம்பியிருந்தது. மேலே டீ ஆற்றுகிற சத்தத்தோடு டீ மாஸ்டர் குரல் கேட்டது.

"பார்றா, ரெண்டு மாசமா சொட்டு கொறையல. டிரைவரு நல்லாத் திருந்திட்டான்பா."

"அக்காவத்தான் சொல்லணும். நாலு பேரு முன்னாடி வெச்சே திருத்திட்டாங்க" என்றான் இன்னொருத்தன்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கையெல்லாம் எண்ணெய், மேலே அச்சு, அடித்துக்கொள்ளக்கூட இடமில்லை. "டேய்! திருந்த வேண்டியது அவரு இல்லடா, நாண்டா! நாம எல்லாருண்டா!" என்று அடியிலிருந்து கத்தினேன். மேலே சிரித்தார்கள். அக்கா தமாஷ் பண்ணுகிறார்களாம்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் டிரைவரின் ரப்பர் செருப்புக் கால்கள் தெரிந்தன. அவை அசையவில்லை. எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். குனிந்து திருகாணியை என்னிடம் நீட்டினார்.

"மூடுங்கம்மா. மண்ணு வுழுந்துடும்."

மூடி இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். டீ மாஸ்டர் ஓடிவந்து என் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார், ஸ்ட்ராங்காக, காசு வேண்டாமாம். எனக்கு மட்டும்தான் போட்டிருந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பிவிட்டிருந்தார்.